180 ரூபாய் லைட் 287 ரூபாய் ஆவது எப்படி? இறக்குமதி பிசினஸ்ல காலை வைக்கும் முன் போட வேண்டிய கணக்கு



நம்ம சேனல்ல திரும்பத் திரும்ப வர்ற கேள்வி இது: "மாசச் சம்பளம் வருது, கையில மூணு லட்சம் சேர்ந்திருக்கு. வெளிநாட்டுல இருந்து பொருள் இறக்கி வித்தா நல்ல லாபம்னு சொல்றாங்க. இறங்கலாமா?"

இதுக்கு பொத்தாம்பொதுவா பதில் சொன்னா யாருக்கும் பிரயோஜனம் இல்லை. அதனால ஒரு ஊர், ஒரு பொருள், ஒரு கணக்குன்னு எடுத்துக்குவோம். ஊர், பழவேற்காடு.

ஏன் பழவேற்காடு? இறக்குமதி, ஏற்றுமதி, சுங்கம் மூணையும் 400 வருஷமா பார்த்த ஊர் அது. டச்சுக்காரங்க 1613-ல அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரையோட துணிகளை வாங்கி தென்கிழக்காசியத் தீவுகளுக்கு அனுப்பினாங்க. 1825-ல ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போச்சு. இன்னைக்கும் ஏரியிலிருந்து பிடிக்கிற கல்நண்டு உயிரோட சென்னை வழியா சிங்கப்பூர் மாதிரி நாடுகளுக்குப் போகுது. கொஞ்சம் தெற்கே வந்தா காட்டுப்பள்ளி துறைமுகம், அதை ஒட்டியே எண்ணூர் காமராஜர் துறைமுகம். காட்டுப்பள்ளி விரிவாக்கத்தை இந்த மீனவ கிராமங்கள் எதிர்த்துக்கிட்டிருக்கிற விஷயம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கன்டெய்னர் கப்பல் கண்ணுக்கு எட்டின தூரத்துல போகுது. ஆனா அந்தக் கன்டெய்னருக்குள்ள இருக்கிற பொருள் கூனங்குப்பத்துக் கடைக்கு வந்து சேர எத்தனை வாசல் தாண்டணும்னு நிறைய பேருக்குத் தெரியாது.

இப்போ நீங்க லைட்ஹவுஸ் குப்பத்துல பிறந்து, ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு கம்பெனியில வேலை பார்க்கிறீங்கன்னு வச்சுக்குவோம். விடியற்காலை இருட்டுல வலையிலிருந்து மீன் கழட்டும்போது தலையில மாட்டிக்கிற ரீசார்ஜ் லைட் ஊர்ல நல்லா போகும்னு உங்களுக்குத் தோணுது. சீன ஆப்ல ஒரு பீஸ் 2 டாலர். ஆயிரம் பீஸ் இறக்கினா? இந்தக் கணக்கைத்தான் இன்னைக்கு முழுசா போடப் போறோம்.

பாடு இல்லாம வலை போட முடியாது

பழவேற்காட்டுக்காரங்களுக்கு 'பாடு' பத்திச் சொல்லவே வேண்டாம். மத்தவங்களுக்காகச் சொல்றேன். ஏரியில எந்த இடத்துல, எந்த நாள்ல, யார் வலை போடணும்னு கிராமங்கள் தங்களுக்குள்ள முறை வச்சு பிரிச்சுக்கிற ஏற்பாடு அது. உங்க முறை வராம அந்த இடத்துல வலை போட முடியாது. எவ்வளவு நல்ல வலை வச்சிருந்தாலும் சரி.

இறக்குமதியிலும் அப்படித்தான். பணம் அனுப்புறதுக்கு முன்னாடி மூணு விஷயம் கையில இருக்கணும்.

முதல்ல ஐஇசி. ஏற்றுமதி இறக்குமதிக்கான அடையாள எண். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்துல 500 ரூபாய் கட்டி நீங்களே எடுக்கலாம். உங்க பான் நம்பர்தான் இப்போ ஐஇசி நம்பரும். ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல்ல இருந்து ஜூனுக்குள்ள விவரத்தைச் சரிபார்த்து உறுதி செய்யணும். மாற்றம் எதுவும் இல்லைன்னாலும் உள்ளே போய் "ஆமா, இதுதான்"னு சொல்லணும். மறந்தா எண் செயலிழந்துடும்.

ரெண்டாவது, தொழில் பேர்ல ஒரு கரண்ட் அக்கவுண்ட். இறக்குமதிக்குப் பணம் வங்கி வழியாத்தான் போகணும். முன்பணமா அனுப்பினா, பொருள் வந்து சேர்ந்ததுக்கான ஆதாரத்தை வங்கி கேட்கும். ரிசர்வ் வங்கியோட கண்காணிப்பு அமைப்புல நீங்க அனுப்பின பணமும், சுங்கத்துல நீங்க கொடுத்த பில்லும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தணும். "நண்பர் ஒருத்தர் அங்கே இருக்கார், அவர் மூலமா கொடுத்துடலாம்"ங்கிற குறுக்கு வழி இங்கேயே அடிபட்டுப் போகும்.

மூணாவது, ஜிஎஸ்டி பதிவு. சரக்கு விற்கிறவங்களுக்கு தமிழ்நாட்டுல 40 லட்ச ரூபாய் விற்பனை வரைக்கும் பதிவு கட்டாயமில்லைன்னு ஒரு வரம்பு இருக்கு. வெளி மாநிலத்துக்கு வித்தா அந்த வரம்பு பொருந்தாது. நம்ம கணக்குக்கு இது ஏன் ரொம்ப முக்கியம்னு கொஞ்ச நேரத்துல தெரியும்.

எந்தப் பெட்டியில போடுறது?

உலகத்துல விற்கிற ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எச்எஸ்என் எண் உண்டு. இந்தியாவில இறக்குமதிக்கு எட்டு இலக்கம். வரி விகிதம், தேவையான அனுமதி, தடை எல்லாமே அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவாகும். பேட்டரியோட வர்ற கையடக்க லைட்டுக்கு ஒரு தலைப்பு, வீட்டுல மாட்டுற லைட்டுக்கு வேற தலைப்பு. தப்பான எண் போட்டா வரி கூடலாம், குறையலாம். குறைஞ்சா சந்தோஷப்படாதீங்க. பிறகு நோட்டீஸ் வரும்.

2011-லிருந்து சுய மதிப்பீட்டு முறைதான். அதாவது, எண்ணையும் விலையையும் வரியையும் நீங்களே கணக்குப் போட்டு அறிவிக்கணும். அதிகாரி சரிபார்ப்பார். பொறுப்பு உங்களோடது. "சப்ளையர் சொன்ன எண்ணைத்தான் போட்டேன்"னு சொன்னா எடுபடாது. அதனால இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் உரிமம் பெற்ற கஸ்டம்ஸ் புரோக்கர் ஒருத்தர்கிட்ட, ஆர்டர் போடுறதுக்கு முன்னாடியே, கட்டணம் கொடுத்தாவது ஆலோசனை கேளுங்க.

இன்னொரு விஷயம். ராஜாஜி சாலையில இருக்கிற கஸ்டம் ஹவுஸுக்கு நேர்ல போய் ஒருத்தரைப் பார்த்துப் பேசிக்கலாம்னு நினைக்காதீங்க. 2020 ஜூன்ல முகமறியா மதிப்பீட்டு முறையை முதல்ல தொடங்கினதே பெங்களூருவிலும் சென்னையிலும்தான். உங்க பொருள் இருக்கிறது காட்டுப்பள்ளியில, உங்க பேப்பரைப் பார்க்கிற அதிகாரி வேற ஊர்ல இருக்கலாம். அவருக்குத் தெரியுறது நீங்க கணினியில ஏத்தின ஆவணம் மட்டும்தான்.

இப்போ கணக்கு

கணக்குக்காக ஒரு டாலர் 90 ரூபாய், அடிப்படை சுங்க வரி 10%, ஐஜிஎஸ்டி 18%ன்னு வச்சுக்கிறேன். இதை உங்க பொருளோட விகிதம்னு எடுத்துக்காதீங்க. உங்க எட்டு இலக்க எண்ணுக்கு என்ன விகிதம்னு சுங்கத்துறையோட ஐஸ்கேட் தளத்துல பார்த்து, அதைப் போட்டு இதே வரிசையில கணக்குப் பண்ணுங்க.

ஆயிரம் லைட், ஒண்ணு 2 டாலர். மொத்தம் 2,000 டாலர். அதாவது 1,80,000 ரூபாய்.
கப்பல் கட்டணம்: 18,000.
காப்பீடு: 2,000.
ஆக, சுங்கம் பார்க்கிற மதிப்பு: 2,00,000.

கவனிச்சீங்களா? வரி 1,80,000-க்கு இல்லை. கப்பல் கூலி, காப்பீடு எல்லாம் சேர்த்த 2,00,000-க்கு. கப்பல் கட்டணத்துக்கு உங்ககிட்ட ரசீது இல்லைன்னா பொருள் விலையில 20%, காப்பீட்டுக்கு ரசீது இல்லைன்னா 1.125%ன்னு விதிப்படி அவங்களே சேர்த்துக்குவாங்க. சின்ன ரசீதைத் தொலைச்சாலும் பெரிய தொகை ஏறும்.

அடுத்து வரி.

அடிப்படை சுங்க வரி, 2,00,000-ல 10%: 20,000.
சமூக நலக் கூடுதல் வரி, அந்த 20,000-ல 10%: 2,000.
இதுவரை மொத்தம்: 2,22,000.
ஐஜிஎஸ்டி, இந்த 2,22,000-ல 18%: 39,960.
மொத்த வரி: 61,960.

இங்கேதான் பலரும் சறுக்குறாங்க. பத்தும் பதினெட்டும் இருபத்தெட்டுன்னு மனசுல போட்டுக்கிறாங்க. ஆனா 2018 பட்ஜெட்ல வந்த சமூக நலக் கூடுதல் வரி, சுங்க வரி மேல ஏறுது. ஐஜிஎஸ்டி இது எல்லாத்துக்கும் மேல ஏறுது. அதனால உண்மையில 30.98% ஆகுது. வரிக்கு மேல வரி, அடுக்குச் சட்டி மாதிரி.

பொருள் துறைமுகத்துல இறங்கின பிறகும் செலவு இருக்கு. ஆயிரம் லைட்டுக்கு தனிக் கன்டெய்னர் தேவைப்படாது. பத்துப் பேர் சரக்கோட சேர்ந்து ஒரே கன்டெய்னர்ல வரும். அதைப் பிரிச்சு வைக்கிற கிடங்குக்கு ஒரு கட்டணம், கப்பல் ஏஜென்ட்டோட டெலிவரி ஆர்டருக்கு ஒரு கட்டணம், புரோக்கர் கூலி, உங்க ஊர் வரைக்கும் வேன் வாடகை. எல்லாம் சேர்த்து 25,000-ன்னு வச்சுக்குவோம். சப்ளையர் "கப்பல் செலவு ரொம்பக் குறைச்சல்"னு சொன்னா உஷாராகுங்க. அங்கே குறைச்சதை இங்கே இறக்குமிடக் கட்டணமா வாங்குறது இந்தத் தொழில்ல சகஜம். சென்னையில என்னென்ன கட்டணம் வரும்னு எழுத்துல வாங்கிட்டுத்தான் ஆர்டர் போடணும்.

ஆக, கையை விட்டுப் போற மொத்தப் பணம்: 2,00,000 + 61,960 + 25,000 = 2,86,960.

ஆப்ல 180 ரூபாய்னு பார்த்த லைட், உங்க வீட்டு வாசல்ல 287 ரூபாய்.

39,960 திரும்பி வருமா, போய்ச் சேருமா?

இப்போ ஜிஎஸ்டி பதிவுக்கு வருவோம். பதிவு பண்ணியிருந்து, சுங்க பில்லுல உங்க ஜிஎஸ்டி எண்ணைச் சரியா போட்டிருந்தா, இந்த 39,960 உங்க கணக்குல உள்ளீட்டு வரி வரவா வந்து நிக்கும். லைட்டை விற்கும்போது வாடிக்கையாளர்கிட்ட வாங்குற ஜிஎஸ்டியில இதைக் கழிச்சுக்கலாம். அப்போ உங்க உண்மையான அடக்க விலை 2,86,960 கழித்தல் 39,960, அதாவது 2,47,000. ஒரு லைட் 247 ரூபாய்.

பதிவு இல்லைன்னா? அந்த 39,960 அப்படியே செலவு. ஒரு லைட் 287. காம்போசிஷன் திட்டத்துல இருந்தாலும் இதே கதிதான், அவங்களுக்கும் வரவு கிடையாது.

ஒரு லைட்டுக்கு 40 ரூபாய் வித்தியாசம். "40 லட்சம் வரைக்கும் ஜிஎஸ்டி வேண்டாம்"ங்கிற சலுகையை நம்பி இறக்குமதி பண்றவர், பதிவு பண்ணின போட்டியாளர்கிட்ட முதல் நாளே தோத்துடுறார். அதே நேரம் ஒரு எச்சரிக்கை: வரவு கிடைக்கும்னாலும் பணம் முதல்ல உங்க பாக்கெட்ல இருந்துதான் போகணும். லைட் விக்க விக்கத்தான் கழியும். அதுவரைக்கும் அது முடங்கின பணம்.

அடிப்படை சுங்க வரிக்கும் சமூக நலக் கூடுதல் வரிக்கும் இப்படி வரவு எதுவும் கிடையாது. கட்டினா கட்டினதுதான்.

வரி கட்டினாலும் வாசல் திறக்காது

சுங்கம்னாலே வரி மட்டும்தான்னு நினைக்கிறோம். நிறைய சரக்கு மாட்டிக்கிறது அனுமதியிலதான்.

நம்ம லைட்டையே பாருங்க. உள்ளே ரீசார்ஜ் பேட்டரி இருக்கு. கையடக்கக் கருவிகள்ல வர்ற ரீசார்ஜ் பேட்டரிக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தோட கட்டாயப் பதிவு வேணும். எல்இடி விளக்குகள் பலவற்றுக்கும் உண்டு. இந்தப் பதிவை வாங்க வேண்டியது பொருளைத் தயாரிக்கிற ஃபேக்டரி. நீங்க சென்னையில உட்கார்ந்து உங்க பேர்ல வாங்கிக்க முடியாது. சப்ளையர்கிட்ட "பதிவு எண் என்ன? எந்த மாடலுக்கு?"ன்னு கேளுங்க. எண்ணைக் கொடுத்தா அமைவனத்தோட தளத்துல போட்டுப் பாருங்க. பதிவு இல்லாத சரக்கு வந்து இறங்கிட்டா ரெண்டே வழிதான்: திருப்பி அனுப்பணும், இல்லைன்னா உடைச்சுப் பழைய இரும்பா ஆக்கணும். ரெண்டுக்கும் செலவு உங்களோடது. அதோட பாக்கெட் மேல இறக்குமதியாளர் பேர், முகவரி, தயாரான நாடு, அதிகபட்ச விலைன்னு லேபிள் விதிகளும் இருக்கு.

இறக்குமதி பண்ண முடிஞ்சாலும் பயன்படுத்த முடியாத பொருளும் உண்டு. மீனை வெளிச்சம் காட்டி இழுத்துப் பிடிக்கிற பெரிய எல்இடி விளக்குகளை, இந்தியக் கடல் பொருளாதார மண்டலத்துல பயன்படுத்த 2017 நவம்பர்ல மத்திய அரசு தடை போட்டுச்சு. தலையில மாட்டுற லைட்டுக்கு அந்தப் பிரச்சனை இல்லை. ஆனா "கூட அந்தப் பெரிய லைட்டும் நூறு போட்டுடுவோம்"னு ஆசைப்பட்டா, வாங்க ஆள் இருந்தாலும் சட்டம் பக்கத்துல நிக்கும்.

அனுமதி எவ்வளவு கறாரா இருக்கும்னு தெரிஞ்சுக்க இறால் தொழிலைப் பாருங்க. இந்தியாவில வளர்க்கிற வன்னாமெய் இறாலோட தாய் இறால்கள் வெளிநாட்டுல இருந்துதான் பெரும்பாலும் வருது. 2009-ல இந்த ரகத்துக்கு அனுமதி கொடுத்தப்போ, சென்னை நீலாங்கரையில ஒரு நீர்வாழ் உயிரின தனிமைப்படுத்தல் மையமும் வந்துச்சு. விமானத்துல வந்திறங்கிற தாய் இறால் நேரா குஞ்சு பொரிப்பகத்துக்குப் போக முடியாது. அங்கே தங்கி, நோய் இல்லைன்னு சோதனையில தெரிஞ்ச பிறகுதான் போகும். இறக்குமதியாளர் வரி, கட்டணம் எல்லாம் கட்டியிருந்தாலும் சோதனை முடியுற வரைக்கும் காத்திருக்கணும். 1990-கள்ல வெள்ளைப்புள்ளி நோய் இறால் பண்ணைகளைக் கவிழ்த்ததை நினைச்சா இந்தக் கறார் நியாயம்னு புரியும்.

நாள் ஓடினா பணம் ஓடும்

கப்பல் வந்து சேர்ற நாளுக்கு முந்தின நாள் முடியறதுக்குள்ள, 'பில் ஆஃப் என்ட்ரி'ன்னு சொல்ற இறக்குமதி அறிவிப்பைத் தாக்கல் பண்ணணும். பொதுவிதி இதுதான். தாமதமானா முதல் மூணு நாளுக்கு நாளுக்கு 5,000 ரூபாய். அதுக்கப்புறம் நாளுக்கு 10,000. சரக்கு 2 லட்சமா 2 கோடியான்னு அது பார்க்காது.

மதிப்பீடு முடிஞ்சு வந்த பிறகு வரி கட்ட ஒரு வேலை நாள்தான் அவகாசம். தாண்டினா வருஷத்துக்கு 15% வட்டி. இறங்கின 30 நாளுக்குள்ள சரக்கை எடுக்கலைன்னா ஏலம் விடுற அதிகாரம் சட்டத்துல இருக்கு. நடுவுல கிடங்கு வாடகை வேற ஓடிக்கிட்டே இருக்கும்.

பகல்ல ஆபீஸ்ல மீட்டிங், இங்கே புரோக்கர் போன். "சார், இன்வாய்ஸ்ல எடை ஒண்ணு, பேக்கிங் லிஸ்ட்ல எடை ஒண்ணா இருக்கு, திருத்தி அனுப்பச் சொல்லுங்க"ம்பார். சீனாவில அன்னைக்கு லீவா இருக்கும். மாசச் சம்பளக்காரங்களுக்கு இதுதான் நிஜமான சிக்கல். எப்போ போன் வந்தாலும் எடுத்துப் பதில் சொல்ல ஆள் வேணும்.

ரெண்டு பொறி

முதல் பொறி, "பாதி விலைக்கு பில் போட்டுத் தரேன்." சப்ளையரே சிரிச்ச முகத்தோட சொல்வார். 2 டாலர் பொருளுக்கு 1 டாலர்னு இன்வாய்ஸ். இதே மாதிரிப் பொருளை மத்தவங்க என்ன விலைக்கு இறக்கினாங்கங்கிற தகவல் சுங்கத்துறைகிட்ட இருக்கு. விலையில சந்தேகம் வந்தா அவங்க அதை நிராகரிச்சு வேற மதிப்பு போடலாம். வேணும்னே மறைச்சதா தெரிஞ்சா 5 வருஷம் வரைக்கும் பின்னாடி போய் வரி கேட்கலாம். பொய் ஆவணத்துக்குச் சரக்கு மதிப்பைப் போல அஞ்சு மடங்கு வரைக்கும் அபராதம் போடுற பிரிவும் சட்டத்துல இருக்கு. மீதிப் பணத்தை வங்கிக்கு வெளியே கொடுத்திருந்தா அது தனி வழக்கு. "பரிசுன்னு எழுதி கூரியர்ல அனுப்பு"ங்கிறதும் பழைய கதை. 5,000 ரூபாய் வரைக்குமான பரிசுக்கு இருந்த வரிவிலக்கு, ராக்கியையும் உயிர்காக்கும் மருந்தையும் தவிர, 2019 டிசம்பரோட போச்சு.

ரெண்டாவது பொறி, "தம்பி, உன் பேர்ல ஐஇசி எடுத்துக் கொடு. நான் பிசினஸ் பண்றேன். மாசம் 10,000 உனக்கு." இளைஞர்களைக் குறி வச்சு வர்ற வலை இது. ஐஇசி உங்க பான். அந்தப் பேர்ல வர்ற கன்டெய்னருக்குள்ள என்ன இருந்தாலும் சட்டத்தின் பார்வையில இறக்குமதியாளர் நீங்கதான். சிகரெட் இருக்கலாம், பட்டாசு இருக்கலாம். நோட்டீஸ் குப்பத்து வீட்டு வாசலுக்கு வரும்போது அந்த அண்ணன் போன் எடுக்க மாட்டார். மாமா கேட்டாலும் மச்சான் கேட்டாலும் கொடுக்காதீங்க.

விகிதம் நிக்காது

சுங்க வரி ஏரித் தண்ணி மாதிரி. முகத்துவாரம் திறந்தா ஒண்ணு, மூடினா ஒண்ணு. இறால், மீன் தீவனத்துக்கு 15% இருந்த அடிப்படை வரியை 2024 ஜூலை பட்ஜெட்ல 5% ஆக்கினாங்க. தீவனத்துல கலக்கிற ஃபிஷ் ஹைட்ரோலைசேட்டுக்கு 2025 பிப்ரவரி பட்ஜெட்ல 15-லிருந்து 5. இதெல்லாம் இறங்கின கதை. ஏறின கதையும் உண்டு. உள்ளூர்த் தொழிலைக் காப்பாத்த, அடிமட்ட விலைக்கு வர்ற பொருள்மேல பொருள்குவிப்புத் தடுப்பு வரின்னு தனியா ஒண்ணு போடுவாங்க. வங்கதேசத்து மீன்பிடி வலை மேலேயே அப்படி ஒரு வரி விழுந்திருக்கு.

இதுல உங்களைப் பாதிக்கிற சட்ட நுணுக்கம் ஒண்ணு: நீங்க ஆர்டர் போட்ட நாளோட விகிதம் உங்களுக்குப் பொருந்தாது. இறக்குமதி அறிவிப்பைத் தாக்கல் பண்ற நாள், முன்கூட்டியே தாக்கல் பண்ணியிருந்தா கப்பலுக்கு உள்வரவு அனுமதி கிடைக்கிற நாள், அன்னைக்கு இருக்கிற விகிதம்தான். ஜனவரியில ஆர்டர் போட்டு, பிப்ரவரி பட்ஜெட்டுக்கு அப்புறம் சரக்கு வந்தா, லாபம் முழுக்க ஒரே ராத்திரியில கரையலாம்.

வரியை யார் கட்டுறாங்க, யார் தாங்குறாங்கங்கிறதும் வேற வேற. 2025 ஆகஸ்ட் 27-லிருந்து இந்தியப் பொருட்கள் பலவற்றுக்கு அமெரிக்கா 50% வரி போட்டுச்சு. இறாலும் அதுல மாட்டிக்குச்சு. அந்த வரியைக் கட்டுறது அமெரிக்க இறக்குமதியாளர். ஆனா அவர் "விலையைக் குறை"ன்னு இந்திய ஏற்றுமதியாளரை நெருக்குவார். அவர் பண்ணைக்காரரை நெருக்குவார். நாளைக்கு உங்க லைட்டுக்கு வரி ஏறினாலும் இதே இழுபறிதான். கட்டுறது நீங்க. குப்பத்து வாடிக்கையாளர்கிட்ட அதை ஏத்த முடியுமாங்கிறதுதான் கேள்வி.

கடைசிக் கணக்கு: பாரிஸ் கார்னரைக் கேளுங்க

இப்போ முக்கியமான இடம். உங்க அடக்கம் 247 ரூபாய், ஜிஎஸ்டி நீங்கலா. இதே லைட்டை பாரிஸ் கார்னர் மொத்த வியாபாரி ஜிஎஸ்டி நீங்கலா 260-க்குக் கொடுக்கிறார்னு வச்சுக்குவோம். அவர் கன்டெய்னர் கணக்குல இறக்குறவர், அவருக்குச் செலவு குறைவு.

நீங்களே இறக்கினா மிச்சம், ஒரு லைட்டுக்கு 13 ரூபாய். ஆயிரத்துக்கு 13,000.

இதுக்காக 2,86,960 ரூபாயை மூணு மாசம் முடக்கணும். அந்தப் பணத்தை 7% வட்டிக்கு டெபாசிட்ல போட்டாலே மூணு மாசத்துக்குச் சுமார் 5,000 வரும். அதைக் கழிச்சா நிக்கிறது 8,000. அறிவிப்பு தாக்கல் ரெண்டு நாள் தாமதமானா அபராதம் 10,000. முடிஞ்சது கதை.

மொத்த வியாபாரிகிட்ட 50 லைட் வாங்கலாம். வித்துப் பார்க்கலாம். போகலைன்னா நஷ்டம் சில ஆயிரத்தோட நிக்கும். இறக்குமதியில ஆயிரமும் உங்க வீட்டுல.

அப்போ இறக்குமதியே வேண்டாமா? அப்படிச் சொல்லலை. முதல்ல உள்ளூர்ல வாங்கி வித்து, மாசத்துக்கு எத்தனை போகுது, யார் வாங்குறாங்க, எத்தனை பழுதாகித் திரும்புதுன்னு ஒரு சீசன் பாருங்க. விற்பனை உறுதியான பிறகு, அளவு கூடி, ஒரு பீஸுக்கான துறைமுகச் செலவு குறையும்போது இறக்குமதி கணக்கு தானா மாறும். ஆசியான் நாடுகள்ல தயாராகுற பொருளா இருந்தா, முறையான தோற்றச் சான்றிதழோட, ஒப்பந்தப்படி அடிப்படை வரி குறையவோ இல்லாமலே போகவோ வாய்ப்பிருக்கு. 2020-லிருந்து அந்தச் சான்றிதழுக்குப் பின்னாடி இருக்கிற தயாரிப்பு விவரத்தையும் நீங்க கையில வச்சிருக்கணும்ங்கிறது விதி.

வேலையில இருக்கிறவங்களுக்கு இன்னும் ரெண்டு. ஒண்ணு, உங்க வேலை ஒப்பந்தத்துல பக்கத் தொழில் பத்தி என்ன எழுதியிருக்குன்னு படிங்க. ரெண்டு, வியாபார வருமானம் வந்துட்டா இதுவரைக்கும் போட்ட ஐடிஆர் 1 படிவம் செல்லாது. 3 அல்லது 4-க்கு மாறணும்.

முதலாம் குலோத்துங்க சோழனுக்கு 'சுங்கம் தவிர்த்த சோழன்'னு ஒரு பேர் உண்டு. நம்ம காலத்துல அப்படித் தவிர்க்க ராஜா யாரும் இல்லை. நாமதான் கணக்குப் போட்டுக்கணும்.

முன்பணம் அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளைத்தாள்ல இந்த ஆறையும் எழுதுங்க: எட்டு இலக்க எண், அன்றைய வரி விகிதம், தேவையான அனுமதி, வீட்டு வாசல் வரை அடக்க விலை, பாரிஸ் கார்னர் விலை, பணம் முடங்குற மாசம். ஆறுல ஒண்ணு காலியா இருந்தாலும் பணத்தை அனுப்பாதீங்க.

உங்க மனசுல இருக்கிற பொருள் எதுன்னு வீடியோவுக்குக் கீழே எழுதுங்க. அதிகம் பேர் கேட்கிற ஒரு பொருளை எடுத்து, இதே வரிசையில கணக்குப் போட்டுப் பார்ப்போம்.